கண்டிப் போர்க்களச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன்

கண்டியைச் சுற்றியுள்ள பழைய போர்க்களங்களையும் நினைவுச்சின்னங்களையும் வழிகாட்டியோடு ஒரே நாளில் காட்டுகிறோம் என்று ஒரு விளம்பரம். ஆளுக்கு 14,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட, வழிகாட்டி தமிழிலேயே விளக்குவார் என்றும் போட்டிருந்தார்கள். பட்டியலில் பலன கோட்டை, கடுகண்ணாவ டோசன் கோபுரம், கன்னொறுவ, கண்டிப் போர் மயானம், கெரிசன் மயானம், கெப்பெட்டிபொல நினைவுச்சின்னம், வட்டபுளுவ என்று ஏழு இடங்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொண்டேன். அன்று இரவு, வீங்கிய கணுக்காலோடு கண்டியில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தபோது, ஏழில் ஒழுங்காகக் கால் வைத்துப் பார்த்தவை இரண்டே இரண்டுதான். கட்டணம், இரவுத் தங்கல் 4,500, டொக்டரும் எக்ஸ்ரேயும் 5,600, ஆட்டோ 1,800 என்று 26,400 ரூபாய் கரைந்தது. காசைவிட, யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நாள் வீணாகியிருக்காதே என்ற ஆற்றாமைதான் பெரிது. அந்த நாலு வார்த்தைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வேனில் உங்களோடு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். போர்க்களம் பார்க்கிறவர்களும் தலதா மாளிகை, பூந்தோட்டம், கடைவீதி பார்க்கிறவர்களும் ஒரே வேனில் ஏற்றப்பட்டால் அந்த நாள் கடைவீதிக்காரர் பக்கம்தான் சாயும். எங்கள் வேனில் கொழும்பிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் மேல் குறை இல்லை. அவர்களிடம் விற்கப்பட்டது வேறு பயணம். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு ஒன்பதேகாலுக்கு நகர்ந்தது. பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைக் கடை, கடுகண்ணாவையிலிருந்து கீழே இறங்கி மாவனெல்லைப் பக்கம் ஒரு மசாலாத் தோட்டம். தோட்டத்தில் எண்ணெய் தேய்த்து, பொடி முகரக் கொடுத்து, கடைசியில் விற்பனை அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. இந்தக் கடைகளில் வேனைக் கொண்டுவருகிறவர்களுக்குத் தரகு உண்டு என்பது நாடறிந்த விஷயம். அதனால் பணம் கட்டுமுன், "வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானால் எத்தனை நிமிடம்?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகவே பதில் வாங்குங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

இரண்டாவது, வழிகாட்டி. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்குமானவர், ஒரு பிரதேசத்துக்கு மட்டுமானவர், ஒரு தலத்துக்கு மட்டுமானவர், வாகனம் ஓட்டிக்கொண்டே வழிகாட்டுகிறவர் என்று வகைகள் உண்டு. அட்டையைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பச் சொல்லிப் பெயர், வகை, காலாவதித் திகதி மூன்றையும் பாருங்கள். அதோடு விடாமல் அந்த ஆளிடமே ஐந்து நிமிடம் போனில் தமிழில் கதையுங்கள். தமிழ் வழிகாட்டி என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்குத் தெரிந்த தமிழ், சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது என்று கேட்கும் அளவுதான். நல்ல மனிதர், மரியாதையானவர். ஆனால் போரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் "பெரிய சண்டை சேர், நிறையப் பேர் செத்துப் போனாங்க" என்ற ஒரே பதில். போனில் கதைக்கும்போதே "1803-இல் வட்டபுளுவையில் என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். அதற்கு ஓரளவு பதில் சொல்கிறவர் மற்ற இடங்களையும் சொல்வார். அந்த ஆண்டு கண்டியில் சரணடைந்த ஆங்கிலேய அதிகாரி மேஜர் டேவி. அந்தப் பெயரே வாயில் வராதவரை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியமானது: இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது. கண்டி இராச்சியத்தின் போர்கள் பரந்த வெளியில் இரண்டு படைகள் எதிரெதிர் நின்று மோதியவை அல்ல. 1594-இல் பேதுரு லோப்பஸ் த சூசாவின் போர்த்துக்கேயப் படைக்கும், 1638-இல் தியோகு த மேலோவின் படைக்கும், 1803-இல் ஆங்கிலேயருக்கும் அடிப்படையில் ஒரே கதிதான் நேர்ந்தது. படை மலையேறி வரும். கண்டி அரசர் நகரைக் காலி செய்துகொண்டு காட்டுக்குள் போய்விடுவார். வந்தவர்களுக்குக் கிடைப்பது வெறும் நகரம். உணவு வராது, காய்ச்சல் பிடிக்கும், கூட வந்த உள்ளூர் லஸ்கரின் படையினர் பக்கம் மாறுவார்கள். திரும்பிப் போகலாம் என்று கிளம்பும்போது மரங்களை வெட்டிப் போட்டு வழி மறிக்கப்பட்டிருக்கும். அழிவு நடப்பது கணவாயிலும் ஆற்றுத் துறையிலும்தான். ஆகவே இந்தச் சுற்றுலாவைப் படை வந்த வழியிலேயே செய்ய வேண்டும். கணவாயில் தொடங்கி, பேராதனையில் ஆற்றைக் கடந்து, நகருக்குள் வந்து, கடைசியில் வட்டபுளுவ ஆற்றங்கரை. அப்படிப் போனால் வழிகாட்டி இல்லாமலே பாதி விளங்கிவிடும். மாற்றிப் போனால் ஏழு இடமும் ஏழு தனிக் கற்களாகத்தான் தெரியும். மழைக்கும் மயானக் கதவு மூடும் நேரத்துக்கும்கூட இந்த வரிசையே பொருந்துகிறது.

பலன கோட்டைக்குக் காலையில்தான் போக வேண்டும். கண்டியிலிருந்து கடுகண்ணாவ சுமார் 16 கிலோமீட்டர். ஆனால் பேராதனை, பிலிமத்தலாவ நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடுகண்ணாவையிலிருந்து பலனவுக்குப் பிரியும் வீதி ஒடுங்கியது. பெரிய வேன் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், மேலே நடைதான். ரயிலில் வருவதானால், மேல்நாட்டுப் பாதையில் கடுகண்ணாவைக்குக் கீழே அடுத்த நிலையம் பலன. விரைவு வண்டிகள் எல்லாம் அங்கே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேலே கோட்டை என்று சொன்னதும் காலி கோட்டையை நினைத்துக்கொள்ளாதீர்கள். கல் அடித்தளங்களும் மூலைக் கொத்தளங்களின் மிச்சமும்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டியது அங்கிருந்து கீழே தெரியும் வழியை. கொழும்புப் பக்கத்திலிருந்து மலையேறும் எந்தப் படையும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது. 1603-இல் போர்த்துக்கேயத் தளபதி அசவேடோவின் படை இதைப் பிடித்தும், லஸ்கரின்கள் கைவிட்டதால் வைத்திருக்க முடியாமல் சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கிற்று. அந்தச் சரிவில் நின்று பார்த்தால், கவசமும் துப்பாக்கியும் சுமந்தவன் இந்த வழியில் இறங்கிப் பிழைப்பது எத்தனை கஷ்டம் என்று சொல்லாமலே விளங்கும்.

எங்களை அங்கே கொண்டுபோய் விட்டபோது மதியம் இரண்டு மணி தாண்டி, அளகல்லை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வேனில் இருந்தவர்கள் ஏற மறுத்தார்கள். வழிகாட்டி சப்பாத்தைக் காட்டி, "இது வழுக்கும் சேர். நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறன்" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தனியாக ஏறினேன். மேலே பத்து நிமிடம் நின்றிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. இறங்கும்போது பாசி பிடித்த கல்லில் வலது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடிந்து விழுந்தேன். போனில் சிக்னல் இல்லை. கூப்பிட்டாலும் மழைச் சத்தத்தில் கீழே கேட்காது. உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன். எழுந்து நிற்க முடியுமா என்ற பயம் ஒரு பக்கம், இருட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மறு பக்கம். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்தும் நகர்ந்தும் கீழே வந்து சேர்ந்தபோது சட்டையெல்லாம் சேறு, காலில் அட்டை. வேனில் இருந்தவர்கள் நேரமாகிவிட்டதே என்ற முகத்தோடு பார்த்தார்கள். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

அதனால் பலனவுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் கையோடு வைத்திருங்கள். அடியில் ஆழமான வெட்டுள்ள ரப்பர் சப்பாத்து வேண்டும். தேய்ந்த ஸ்போர்ட்ஸ் சப்பாத்து ஈரக் கல்லில் பிடிக்காது. நான்கு அங்குல கிரேப் பண்டேஜ் ஒன்று, ஒரு லீற்றர் தண்ணீர், விசில் ஒன்று. மழைச் சத்தத்தில் குரல் எடுபடாது, விசில் எடுபடும். அட்டைக்குக் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: முழங்காலிலிருந்து பாதம்வரை சவர்க்காரத்தைக் காயவிடும் அளவுக்குக் கட்டியாகப் பூசி, காற்சட்டைக் கால்களை மேசுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். பிய்த்தால் காயம் ஆறாமல் நாள்கணக்கில் அரிக்கும். மேலே ஏறுமுன், இத்தனை மணிக்குள் இறங்காவிட்டால் தேடி வர வேண்டும் என்று கீழே நிற்கிறவரிடம் நேரம் குறித்துச் சொல்லுங்கள். வழிகாட்டி கூடவே ஏற மாட்டார் என்றால் நீங்களும் ஏற வேண்டாம். கால் மடிந்தால் சப்பாத்தை உடனே கழற்றாமல் இறங்கி வந்து, பிறகு கழற்றி, பண்டேஜைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி வைக்கவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் அந்த எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

டோசன் கோபுரத்துக்குக் கால் மணி நேரம் போதும். கடுகண்ணாவ வீதியோரத்திலேயே நிற்கிறது. கொழும்பு–கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829-இல் இறந்தார், அவர் நினைவாக எழுப்பியது. இதை வெறும் வீதிக் கதையாக விட்டுவிடக் கூடாது. 1818 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இனி இந்த மலைநாடு கைவிட்டுப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் போட்ட வீதி அது. பலனவில் காவல் இருந்த கணவாயின் பலம் இந்த வீதியோடு முடிந்தது. அதே வீதியால்தான் பின்னால் கோப்பித் தோட்டமும், அதைத் தொடர்ந்து நம் முன்னோரும் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கன்னொறுவ, பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மகாவலிக்கு அக்கரையில் இருக்கிறது. இப்போது விவசாயத் திணைக்களத்தின் நிலங்கள். 1638 மார்ச் 28 அன்று இரண்டாம் இராசசிங்கன், சகோதரர் விஜயபாலனோடு சேர்ந்து, வெறும் நகரை எரித்துவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை இங்கே வளைத்தார். தண்ணீருக்கும் வழியில்லாமல் மேட்டில் சிக்கிய படையில் 33 போர்த்துக்கேயரே உயிர் தப்பியதாகச் சொல்கிறார்கள். தளபதி தியோகு த மேலோவும் இறந்தார். கண்டி இராச்சியம் போர்த்துக்கேயரோடு பொருதிய கடைசிப் பெரும் போர் இது. இங்கே இறங்கிப் பார்க்கிறவர்கள் ஆறு எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம் என்று மட்டும் கவனித்தால் போதும். அரை மணி நேரம் தாராளம். பூந்தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசநாட்டுத் தலைமையகத்தை டில்லியிலிருந்து இந்தத் தோட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார் என்று தெரிந்தால் உள்ளே போக ஆசை வரும். ஆனாலும் அதை வேறொரு நாளுக்கு வையுங்கள்.

பேராதனையிலிருந்து கண்டிக்குள் வரும் வழியில் தெவெனி ராஜசிங்க மாவத்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போர் மயானம். நாங்கள் போனபோது கதவு மூடியாயிற்று. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன், புல் மழையில் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான். எவ்வளவு ஆசைப்பட்டுப் போன இடம்! மாலை நான்கு மணிக்குப் பிறகு இதை நம்பிப் போகாதீர்கள். முற்பகல் கடைசியில் வந்துவிடுவதுதான் நல்லது. இருநூறுக்குச் சற்று மேற்பட்ட கல்லறைகள், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பராமரிப்பில் உள்ளன. பிரித்தானியரோடு கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனடியர், இத்தாலியர் சிலர்கூட இருக்கிறார்கள். இலங்கை மலைக்குக் கிழக்காபிரிக்கர் எப்படி வந்தார்கள் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது: பர்மாவில் ஜப்பானியரோடு காட்டில் சண்டையிட அனுப்பப்பட்ட 11-ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு அதற்கு முன் இலங்கையில்தான் பயிற்சி பெற்றது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் 9-இல் திருகோணமலையிலும் விமானத் தாக்குதல் நடந்தது தவிர, அந்தப் போரில் இந்தத் தீவில் தரைச் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆகவே இங்கே கிடப்பவர்களைப் போர்க்களத்தில் வீழ்ந்தவர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும் வழிகாட்டியை நிறுத்திக் கேளுங்கள். வீட்டிலிருந்தே ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மயானத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, கல்லறை எண் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். இந்தியரும் இலங்கையரும் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அரை மணி நேரத்தில் ஒவ்வொரு கல்லாகத் தேடிப் பார்த்துவிடலாம். வெறுங்கையோடு போகிறவர் வரிசையைப் பார்த்து, "அழகாகப் பராமரித்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கெரிசன் மயானம் தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகப் பக்கத்தால் ஏறும் சிறு பாதையில். பலர் மாளிகையைப் பார்த்துவிட்டு இதைத் தெரியாமலே போய்விடுகிறார்கள். கண்டியிலிருந்த ஆங்கிலேயரைப் புதைக்க 1817 அளவில் தொடங்கி, நகர எல்லைக்குள் புதைப்பதைத் தடை செய்த பிறகு 1870-களில் மூடப்பட்டது. கல்வெட்டுகளில் வயதைப் பாருங்கள். இருபதுகளில் இறந்தவர்கள் அத்தனை பேர். துப்பாக்கியைவிட மலேரியாவும் கொலராவும்தான் அவர்களைக் கொண்டுபோயின. கண்டியைச் சண்டை இல்லாமல் ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுவந்த ஜோன் டொய்லியும் இங்கேதான் கிடக்கிறார். 1815 மார்ச் 2 ஒப்பந்தத்தின் பின்னால் இருந்து காய் நகர்த்தியவர், 1824-இல் இறந்தார். அங்கே இருக்கும் பராமரிப்பாளரிடம் நிதானமாகக் கேளுங்கள். எந்த வேன் வழிகாட்டியைவிடவும் அதிகம் சொல்வார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, அன்பளிப்புப் பெட்டியில் ஏதாவது போடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, இரண்டு மணிக்கு மேல் போவது உத்தமம்.

கெப்பெட்டிபொல நினைவுச்சின்னம் மாளிகைக்கு எதிரே, நடக்கும் தூரம். எங்களுக்கு அது வேன் கண்ணாடிக்குள்ளால் காட்டப்பட்டது. 1818 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார், சேருமுன் அவர்கள் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பினார். 1818 நவம்பர் 26 அன்று போகம்பரையில் தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டை இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். அது எடின்பரோவில் இருந்து 1954-இல் திரும்பி வந்து இந்த நினைவுச்சின்னத்துக்குள் வைக்கப்பட்டது. அதே கிளர்ச்சியை அடக்க மதராஸிலிருந்து சிப்பாய்ப் படைகள் வரவழைக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. ஊவாவில் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது அந்தப் படைகளும் இந்த மலைகளில்தான் நின்றன.

வட்டபுளுவைக்கு எங்களைக் கூட்டிப் போகவே இல்லை. "அங்க பாக்க ஒண்ணும் இல்ல சேர்" என்று விட்டார்கள். என் மனத்தை மிகவும் வருத்தியது இதுதான். 1803 பெப்ரவரியில் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், முத்துசாமி என்ற நாயக்க இளவரசரை அரியணையில் வைத்தார்கள். அவருக்கு நகருக்கு வெளியே ஆதரவு கிடைக்கவில்லை. படை காய்ச்சலில் சுருண்டது. ஜூன் 24 அன்று மேஜர் டேவி சரணடைந்து, வெளியேற அனுமதி வாங்கிக்கொண்டு வட்டபுளுவ ஆற்றங்கரைக்கு வந்தார். தென்மேல் பருவமழையில் மகாவலி கரை புரண்டது, கடக்கப் படகில்லை. முத்துசாமியைத் தந்தால் வழி விடுகிறோம் என்று கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் ஆட்கள் கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அதன் பிறகும் வழி விடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆயுதம் களையப்பட்டு வெட்டப்பட்டார்கள். மலாய்ப் படையின் கப்டன் நூருதீன் அரசருக்குப் பணிய மறுத்ததால் கொல்லப்பட்டார். வெட்டுப்பட்டும் சாகாமல் கிடந்த பார்ன்ஸ்லி என்ற கோப்பரல் மாத்தளைப் பக்கக் கோட்டைக்கு ஊர்ந்துபோய்ச் செய்தி சொன்னார். தமிழ் பேசும் நாயக்க வம்சத்து அரசர் ஒருவர், அதே வம்சத்து இளவரசரைக் கொன்ற இடம். அதைப் பார்க்க ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? டேவியின் மரம் என்று அழைக்கப்படும் இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது, மாவில்மடப் பக்கம் கேட்டால் ஊரவர் வழி காட்டுவார்கள். பொல்கொல்லை அணை 1976-இல் வந்த பிறகு ஆறு இந்தப் பகுதியில் அன்றைய ஆறாக இல்லை. இன்றைய தண்ணீரைப் பார்த்து, இதைக் கடக்க முடியாமலா நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கண்டி நகரிலிருந்து ஆட்டோவில் போய், கால் மணி நேரம் நின்று, திரும்பி வரலாம். இதற்கு வேன் தேவையே இல்லை.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை ஆறரைக்குக் கண்டியிலிருந்து கிளம்பி, எட்டு மணிக்குள் பலனவில் ஏறத் தொடங்கினால் பத்து மணிக்கு இறங்கிவிடலாம். கோபுரம், கன்னொறுவ முடித்துப் பதினொன்றரைக்குப் போர் மயானம். பாடசாலை விடும் ஒன்றரை முதல் இரண்டரை வரை கண்டிக்குள் வாகனம் நகராது. அந்த நேரம் சாப்பாட்டுக்கு. பிறகு கெரிசன் மயானமும் கெப்பெட்டிபொலவும் நடந்தே. நான்கு மணிக்கு வட்டபுளுவ. ஹட்டன், நுவரெலியா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல்நாள் மாலையே கண்டிக்கு வந்து தங்குவது நல்லது. நாளைத் தெரிவு செய்யும்போது ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை சிறந்தது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை நிச்சயம். எசல பெரகராக் காலத்தில் நகருக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள், போயா நாளில் மாளிகையைச் சுற்றிச் சனம் நெருக்கும். மாளிகை வளவுக்குள் போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

காசை ஒருபோதும் முழுதாக முன்கூட்டியே கட்டாதீர்கள். மூன்றில் ஒன்றை அட்வான்ஸாகக் கொடுத்து, மீதியைக் கடைசி இடம் முடிந்த பிறகு கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். ரசீதில் இடங்களின் பெயர் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். "கண்டி வரலாற்றுச் சுற்றுலா" என்று மொத்தமாகப் போட்ட ரசீதை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்க முடியாது. அந்த நிறுவனம் எனக்குச் சொன்ன பதில், "நீங்க வேன்ல வந்தீங்கதானே, அப்ப சேவை குடுத்தாச்சு" என்பது. எழுத்தில் அனுப்பிய முறைப்பாட்டுக்குப் பதிலே வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றே, வேனை விட்டு இறங்குமுன்பே, பார்த்த இடம், பார்க்காத இடம், நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். அதுதான் சாட்சி. பிறகு சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் 1912, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்களில் முறையிடலாம்.

தியத்தலாவையையும் இதே நாளில் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 1900 முதல் தென்னாபிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 5,000 போயர் (அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினர்) போர்க்கைதிகளை ஆங்கிலேயர் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். முதலாவது பெரிய முகாம் தியத்தலாவையில். இறந்தவர்களின் மயானமும் நினைவுத்தூணும் அங்கே இருக்கின்றன, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கண்டியிலிருந்து நுவரெலியா வழியாக அங்கே போகவே அரை நாள் பிடிக்கும். அதோடு அது இராணுவப் பயிற்சி நகரம். எந்தப் பக்கம் போகலாம், எங்கே படம் எடுக்கக் கூடாது என்று வாயில் காவலரிடம் கேட்டு, அடையாள அட்டையைக் காட்டி, அனுமதி பெற்ற பிறகே உள்ளே போக வேண்டும். பண்டாரவளையில் ஓரிரவு தங்கி, காலையில் தனியாக ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள்.